சுமைக்கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் குழுக்களுக்கு வரும்போதெல்லாம் இப்போது ஒரு கேள்வி வருகிறது. "தவணை கட்டாத வண்டியை ஃபைனான்ஸ்காரங்க ஏலம் விடறாங்களாமே, குறைஞ்ச விலைக்குக் கிடைக்குமாமே. குழுவா சேர்ந்து ஒரு காரோ குட்டி யானையோ எடுத்தா வாடகைக்கு விடலாமில்ல?" நல்ல யோசனைதான். ஆனால் ஏலத்தில் எடுத்த வண்டியை ஊருக்கு எப்படிக் கொண்டு வருவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. ஏல அறிவிப்பில், வண்டி எந்த இடத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விற்கப்படும் என்று எழுதியிருக்கும். அதற்கு என்ன அர்த்தம்? ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் நம் பொறுப்பு. 200 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும், கொண்டு வருவது நம் செலவு. குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் யார்டு வாடகை தினமும் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான் இந்தத் தொகைகள். ஏலத்தில் 1,50,000 ரூபாய். லாரி வாடகை 12,000. ஏற்றி இறக்கும் கூலியும் யார்டு வாடகையும் 3,000. பேட்டரி, டயர் 15,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., பெயர் மாற்றம் 30,000. கூட்டினால் 2,10,000 ரூபாய். குழு தீர்மானம் 1,50,000 ரூபாய்க்கு மட்டும் போட்டிருந்தால் மீதி 60,000 எங்கிருந்து வரும்? வட்டிக்கு வாங்கித்தான். எனவே ஏலம் கேட்பதற்கு முன்பே லாரிக்காரர் இரண்டு மூன்று பேரிடம் வாடகை விசாரித்து, அதையும் சேர்த்துத் தீர்மானம் போட வேண்டும்.

அடுத்தது, "எதுக்குக்கா லாரி? நானே ஓட்டிட்டு வந்துடறேன்" என்று டிரைவர் தம்பி சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்வார். அவரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, இன்சூரன்ஸ் இருக்கிறதா? தவணை கட்ட முடியாதவர் இன்சூரன்ஸ் மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்று நம்ப முடியாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, வழியில் ஒருவர் மேல் மோதிவிட்டால் வரும் நஷ்டஈடு. லட்சக்கணக்கில் போகலாம். இன்சூரன்ஸ் இல்லையென்றால் அது வண்டிக்குப் பொறுப்பானவர் தலையில் வந்து விழும்.

இரண்டு, எஃப்.சி. நடப்பில் இருக்கிறதா? வாடகை வண்டி, சரக்கு வண்டி எதுவானாலும் எஃப்.சி. முடிந்துபோனால், அது பதிவு இல்லாத வண்டி மாதிரிதான் சட்டத்தின் கண்ணில். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இந்தத் தேதிகள் தெரியும். படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

மூன்று, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா? மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி. டயர் வெடித்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், பிரேக் இறுகியிருக்கலாம். மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நெடுஞ்சாலையில் ஏற்றக்கூடாது.

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் ஓட்டி வரலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். லாரி வாடகையை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒரு தம்பியின் உயிரோடும் குழுவின் சேமிப்போடும் விளையாட வேண்டாம்.

லாரி பேசும்போது கவனிக்க வேண்டியவை:

சரக்கு இறக்கிவிட்டு நம் பக்கம் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை குறையும். டோல்கேட், ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்தா தனியா என்று முதலிலேயே கேளுங்கள். வண்டி ஏற சாய்வுப் பலகை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாதி முன்பணம், மீதி வண்டி வந்து இறங்கிய பிறகு. லாரி நம்பர், டிரைவர் செல் நம்பர், வாடகைத் தொகை எல்லாம் உள்ள ரசீது கையில் இருக்க வேண்டும்.

ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கிலோமீட்டர் அளவு, பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

லாரி இல்லாமல் கிரேனில் தூக்கி இழுத்து வருவதானால், என்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அந்தச் சக்கரம் தரையில் உருளாமல் தூக்கச் சொல்லுங்கள். ஆல்ட்டோ மாதிரிக் காருக்கு முன்சக்கரம். ஆம்னிக்கும் குட்டி யானைக்கும் பின்சக்கரம்.

நம் தெருவுக்குள் லாரி நுழையுமா, கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறதா என்று பார்த்து, பகலிலேயே இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

யார்டிலிருந்து கிளம்பும் முன் வண்டியை ஒப்படைக்கும் கடிதம், பணம் கட்டிய ரசீது, ஆர்.சி., பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள், கடன் நீக்கத்துக்கான 35 படிவம் எல்லாம் கையில் வந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். பழைய சொந்தக்காரர் ஆர்.சி. தராவிட்டால், ஃபைனான்ஸ் கம்பெனி 36 படிவம் கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்கித்தான் நமக்கு மாற்ற முடியும். அரசு நடத்தும் ஏலமென்றால் 32 படிவம். வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் அதையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வண்டி எடுக்கப் போகும்போது குழுவிலிருந்து இரண்டு பேராவது நேரில் போக வேண்டும். "பொம்பளைங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், நாங்க பாத்துக்கறோம்" என்று வீட்டு ஆண்கள் சொல்லக்கூடும். அவர்கள் உதவிக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் நம் கையெழுத்து, தவணை கட்டுவது நாம். அப்புறம் சாவியும் பேப்பரும் மட்டும் வேறு கையில் ஏன் இருக்க வேண்டும்? பேங்குக்குத் தனியாகப் போகக் கூச்சப்பட்ட நாம்தான் இன்று மேனேஜரிடம் கணக்குக் கேட்கிறோம். யார்டில் நின்று லாரி வாடகை பேசுவதும் நம்மால் முடியும்.

வண்டி எடுக்க நினைக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இந்தச் செலவுகளை எல்லாம் வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். அவ்வளவு தொகையை நம்மால் கட்ட முடியும் என்றால் ஏலத்துக்குப் போவோம். முடியாது என்றால் இந்த ஏலத்தை விட்டுவிடுவோம். அடுத்த ஏலம் வராமலா போகும்?