உறைபனி யாருடைய கோபம்?

(பிக்கட்டியில் செய்த சொற்பொழிவு)



மார்கழி, தை மாதங்களில் இம்மலையில் உறைபனி கண்டு தேயிலைக் கொழுந்து கருகுவது தாங்கள் யாவரும் அறிந்த சங்கதியே. செடி மறுபடி துளிர்க்கும் வரை சிறு தோட்டக்காரருக்கு வரும்படி இல்லை. கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கூலியும் இல்லை. இதைத் தெய்வ கோபமென்றும் கண்ணேறு என்றும் சொல்லி, பரிகாரத்துக்குக் காசு கேட்க வருகிறவன் எந்த ஊரிலும் இருப்பான். ஆதலால் இதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவதாக, உறைபனி மேலிருந்து விழுவதே இல்லை. கல்லானாலும், இலையானாலும், நம் உடலானாலும், எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகத் தன் சூட்டை ஓயாமல் வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. இதன் கணக்கை 1879-ல் ஸ்டெபான் என்ற அறிஞர் கண்டார். தண்ணீர் உறையும் குளிரில்கூட ஒரு சதுர மீட்டர் தழைப்பரப்பு ஏறத்தாழ 300 வாட் வீசுகிறது. அதாவது மூன்று 100 வாட் விளக்குகளின் செலவு!

பகலில் இச்செலவை வெயில் ஈடுசெய்கிறது. இரவில் மேகமிருந்தால் அதுவும் ஒரு பொருளானதால், தன் பங்குக்குச் சூட்டை வீசிக் கீழே அனுப்புகிறது. மேகமில்லாமல், காற்றும் அசையாத இரவிலோ வரவு குறைந்து செலவு மிஞ்சுகிறது. இலை காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே பள்ளத்தில் போய்த் தேங்குகிறது.

தெய்வ கோபமென்றால், மேகம் வந்ததும் அக்கோபம் தணிவானேன்? பள்ளத்துத் தோட்டக்காரனெல்லாம் பாவி, மேட்டுத் தோட்டக்காரனெல்லாம் புண்ணியவான் என்று சொல்லிவிட முடியுமா? மர நிழலிலுள்ள செடி தப்புகிறதே, அது என்ன விரதம் இருந்தது?

லண்டன் வைத்தியர் வெல்ஸ் என்பவர், நான்கு குச்சிகளின்மேல் ஒரு கைக்குட்டையைக் கட்டி, அதன் கீழிருந்த புல் வெளியிலுள்ள புல்லைவிடச் சூடாயிருந்ததைக் கண்டு, 1814-ல் புத்தகமாக எழுதினார். அந்தக் கைக்குட்டை செய்த வேலையைத்தான் நாற்றுக்கு மேல் போடும் தழையும் சாக்கும் செய்கின்றன. பரிகாரத்துக்குக் கொடுக்கும் காசில் எத்தனை சாக்கு வாங்கலாம்?

நாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மேகமற்ற ஓர் இரவில் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். மந்திரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் துணிக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்து, பிறகு உங்கள் அறிவுக்குப் பட்டபடி முடிவு செய்யுங்கள்.