அம்பாவும் பியானோவும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மண்டபத்துப் பியானோவில் நாங்கள் படித்ததெல்லாம் லண்டன் பரீட்சைப் பாடங்கள். அதே காலத்தில் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்கள் அம்பா பாடினார்கள். இரண்டையும் சேர்த்து நினைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

சீனாவில் ஒருவருக்குத் தோன்றியது. 1934 இல் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் செரெப்னின், சீனப் பாணிப் பியானோ ஆக்கங்களுக்கென ஷங்காயில் ஒரு போட்டி வைத்தார். முதற் பரிசு பெற்றது ஹ லூத்திங் எழுதிய, மாட்டுக்காரச் சிறுவனின் குழலைப் பற்றிய சிறிய ஆக்கம். மெட்டு சீன நாட்டார் இசையின் ஐந்து சுரங்களில் அமைந்தது. தொடக்கப் பகுதியில் அதன் கீழே அவர் மேற்கத்திய கோர்ட்டுகளை அடுக்கவில்லை. இடக்கைக்கும் தனி மெட்டுக் கொடுத்தார். ஒன்று நிற்கும்போது மற்றது நகரும். பாஹ்விடம் நாம் படித்த கவுண்டர்பாயின்ட் முறைதான். நம் நாட்டுத் தான்யா ஏக்கநாயக்கவும் இலங்கை மெட்டுகளைத் தம் பியானோ ஆக்கங்களில் இழைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அறியுமுன்பே நாங்கள் ஓர் அம்பாவைப் பியானோவில் வாசித்துப் பார்த்தோம். வலக்கையில் மெட்டு, இடக்கையில் மூன்று கோர்ட்டுகள். கேட்டால் தேவாலயப் பாட்டுப் போலிருந்தது! பாரம் இழுக்கும் மூச்சு அதில் இல்லை.

பிறகுதான் விளங்கியது. அம்பாவிலேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ஒன்றாகப் பதில் சொல்லி இழுப்பார்கள். வலக்கையை முன்பாட்டுக்காரருக்கும், இடக்கையை இழுப்பவர்களுக்கும் கொடுத்தோம். இழுப்பு விழும் இடத்தில் கீழ்ச் சுரங்கள் கனத்து விழுகின்றன. ஆனாலும் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அந்தக் குரல் பியானோவில் வராது. சின்னச் சுரங்களை முன்னால் ஒட்டிப் பார்த்தோம், பாதிதான் கிடைத்தது.

கரைவலையை வின்ச் இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பாவுக்கு வேலையில்லை. எங்கள் தாளில் இருப்பது பாட்டின் எலும்பு மட்டும். குரல் முதியவர்களிடம் இருக்கிறது. அப்பாவோ அம்மப்பாவோ இன்னும் பாடுவாரென்றால், ஊருக்குப் போகும் இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் இருந்து பதிவு செய்யுங்கள். மூச்சு வாங்குவதையும் வெட்டாமல் வையுங்கள்.

இனி வாசிக்கிறோம். இடக்கை வரும் இடங்களில் உடப்புப் பிள்ளைகள் வாய்விட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.