ஒரு நாளைக்கு ஒரு சொல்

2021 நவம்பர் முதல் தேதியன்று வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டை இணையத்தில் ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில், 2022 ஜனவரி 2ஆம் தேதி, அது சுமார் மூன்று லட்சம் பேராகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை விலைக்கு வாங்கியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வசித்த ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தம் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்த ஆட்டம் அது. அப்போது அதில் விளம்பரம் கிடையாது, தரவிறக்கச் செயலி கிடையாது, 'வந்து ஆடு' என்று செல்பேசியில் மணியடிக்கும் வழக்கமும் கிடையாது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சையாகும். எழுத்து சொல்லில் இருந்து, இடம் மட்டும் மாறியிருந்தால் மஞ்சள். எழுத்தே இல்லையென்றால் சாம்பல் நிறம். ஆட்டம் அவ்வளவுதான். இத்தனை எளிய ஒன்று உலகத்தை ஏன் பிடித்துக்கொண்டது என்பதை இன்று கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம்.

ஆட்டத்தின் புதுமைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ஜாட்டோ என்ற காகித ஆட்டம் 1955இலேயே வந்துவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1987இல் தொடங்கிய லிங்கோ நிகழ்ச்சியும் ஏறக்குறைய இதே முறையில் நடந்தது. வார்டில் புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான்: அளவு. நாளைக்கு ஒரு சொல், அந்தச் சொல்லே எல்லோருக்கும். எவ்வளவு ஆசைப்பட்டாலும் அடுத்தது மறுநாள்தான். விரல் வைத்துத் தள்ளத் தள்ள முடிவில்லாமல் நீளும் திரைகளுக்கு நடுவே, 'இன்றைக்கு இது போதும்' என்று தானாகவே நின்றுகொள்ளும் ஒரு பொருளை அவர் வைத்தார். தினப் புதிரை ஒரு கலை என்று நான் மதிப்பதற்கு முதல் காரணம் இந்த அளவறிதல்தான். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது காரணம் வெளியே தெரியாத உழைப்பு. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அகராதிக்குள்ளேயே உறங்குபவை. பாலக் ஷா அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்து, தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து, ஏறத்தாழ 2,500 சொற்களாகக் குறைத்தார். ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கணக்காகப் பார்த்தால் ஐந்து கட்டத்துக்கும் மூன்று நிறம் வீதம் 243 கோலங்கள் வரும். அவற்றில் ஐந்து மட்டும் ஒருபோதும் அமையாது. ஆக, நன்றாகத் தேர்ந்த ஓர் ஊகம் இரண்டாயிரம் சொற்களை ஒரே வீச்சில் சில டஜன்களாகக் குறைத்துவிடும். ஆறு முயற்சிக்குள் விடை கைக்கு எட்டும், ஆனாலும் எளிதில் எட்டாது என்ற அந்தப் பதம் இப்படித்தான் வருகிறது. யாரும் கேட்டிராத சொல் விடையாக வந்தால் தோற்றவருக்கு ஏமாற்றப்பட்ட எரிச்சல்தான் மிஞ்சும். தெரிந்த சொல்லாக இருந்தால், 'அடடா, இது எப்படித் தோன்றாமல் போயிற்று!' என்று தலையில் தட்டிக்கொள்வார். பிறகு மறுநாளும் வருவார்.

மூன்றாவது, பொதுமை. 2021 டிசம்பரில் ஆட்டத்தின் முடிவை வண்ணச் சதுரங்களாக மட்டும் பகிரும் வசதி வந்தது. நியூசிலாந்து ஆட்டக்காரர் ஒருவர் தாமாகவே தட்டச்சு செய்து பகிர்ந்த முறையைப் பார்த்து, வார்டில் அதை ஆட்டத்திலேயே சேர்த்தார். அந்தச் சதுரங்கள் விடையைக் காட்டிக் கொடுப்பதில்லை. தடுமாறிய வழியை மட்டும் காட்டும். அதே சொல்லோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் அதன் பொருள் புரியும். இந்தப் பொதுமை எவ்வளவு முக்கியம் என்பது அது உடைந்த நாளில் தெரிந்தது. புதிய உரிமையாளர்கள் சில சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கியதால், 2022 பிப்ரவரி 15 அன்று சிலருக்கு 'அகோரா' என்றும் மற்றவர்களுக்கு 'அரோமா' என்றும் வெவ்வேறு விடைகள் வந்தன. இரண்டுமே சரியான சொற்கள், இரண்டு ஆட்டமும் முறைப்படி நடந்த ஆட்டங்கள். இருந்தும் ஆடியவர்கள் குழம்பினார்கள், குறைபட்டுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே சொல்லின் முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு அன்று கலைந்துவிட்டது.

இதெல்லாம் வீண் பொழுதுபோக்கு என்பவர்கள் உண்டு. பழைய குற்றச்சாட்டு இது. ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் 1913 டிசம்பர் 21 அன்று வெளியிட்டார். 1920களில் அந்தப் பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்தபோது, அதைப் பெரிய கால விரயம் என்று கண்டித்த பத்திரிகைகளில் நியூயார்க் டைம்ஸும் ஒன்று. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, போர்க்கால இருட்டடிப்பு வேளைகளில் வாசகர்களுக்கு மனத்தை வேறுபக்கம் திருப்ப ஏதாவது வேண்டும் என்று அதே பத்திரிகைக்குத் தோன்றியது. 1942 பிப்ரவரி 15 முதல் அதுவும் குறுக்கெழுத்து போடத் தொடங்கியது. கவலை மிகுந்த காலத்தில், விடை நிச்சயமாக இருக்கிற ஒரு சிறு கேள்வி மனத்துக்குத் தரும் ஆறுதலை விரயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வேர்டில் பரவியதையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் புதிர் போட்டால் மூளை கூர்மையாகும், முதுமை மறதி விலகும் என்றெல்லாம் அள்ளிவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மூளைப் பயிற்சி ஆட்டங்கள் விற்ற லூமோசிட்டி நிறுவனம், போதிய சான்றில்லாமல் அப்படி விளம்பரம் செய்த வழக்கில் 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. புதிரால் கிடைக்கும் மகிழ்ச்சியே அதற்குப் போதுமான நியாயம். மருந்துச் சீட்டு தேவையில்லை.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தொடர்ச்சியாக எத்தனை நாள் வென்றீர்கள் என்று எண்ணிக் காட்டும் எண், ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் கயிறு அல்லவா என்கிறார்கள். உண்மைதான். 200 நாள் சேர்த்த ஒருவர் 201ஆம் நாள் விருப்பத்தால் ஆடுகிறாரா, இழந்துவிடுவோமோ என்ற பயத்தால் ஆடுகிறாரா என்று அவரே சொல்ல முடியாது. நியூயார்க் டைம்ஸ் 2023இல் கனெக்‌ஷன்ஸ், 2024இல் ஸ்ட்ராண்ட்ஸ் என்று அடுத்தடுத்து ஆட்டங்களைக் கொண்டுவந்தது. பழைய வேர்டில் புதிர்கள் அனைத்தையும் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது. வேலை தேடும் தளமான லிங்க்ட்இன்கூட 2024இல் தினப் புதிர்களோடு வந்தது. ஒவ்வொன்றும் நல்ல ஆட்டமாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை முடித்ததும் இன்னொன்று காத்திருந்தால், முதலில் நம்மை ஈர்த்த அந்தப் 'போதும்' எங்கே போயிற்று? பரிமாறியவரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற அழகு அது. இலையை நிரப்பிக்கொண்டே போவது வேறு தொழில்.

தமிழுக்கு வருவோம். பிசி என்று விடுகதையை ஓர் இலக்கிய வகையாகவே தொல்காப்பியம் கணக்கில் எடுத்துக்கொண்டது. புதிர் நமக்குப் புதியதல்ல. தமிழிலும் வேர்டில் போன்ற ஆட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் ஆங்கில விதியை அப்படியே இறக்கிவைத்தால் தமிழில் ஆட்டம் ஓடாது. அங்கே 26 எழுத்து, இங்கே 247. விடை 'கடல்' என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 'மடல்' என்கிறார், இன்னொருவர் 'கூடல்' என்கிறார். இருவருக்கும் பின் இரண்டு எழுத்து பச்சை, முதல் எழுத்து சாம்பல். ஆனால் முதலாமவர் உயிரைப் பிடித்துவிட்டார், இரண்டாமவர் மெய்யைப் பிடித்துவிட்டார். இந்த இரண்டு வெற்றியையும் தனித்தனி நிறத்தால் காட்டுகிற ஆட்டம்தான் தமிழ் எழுத்தின் இயல்பை உணர்ந்த ஆட்டம். உயிரும் மெய்யும் கூடித்தான் உயிர்மெய் என்று பள்ளியில் மனப்பாடமாகச் சொன்னது, அங்கே விரல் நுனியில் விளங்கும்.

அதைவிடக் கடினம் சொற்பட்டியல். வந்தான், வந்தாள், வந்தார் ஆகிய மூன்றையும் விடைகளாக ஏற்றால் கடைசி எழுத்து வெறும் குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். எனவே வினைமுற்றுகளை விடைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஊர் வழக்கு மட்டும் அவ்வளவு சுலபமாகத் தீராது. 2022 ஜனவரியில் 'ஃபேவர்' என்ற சொல் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் விடையாக வந்தபோது, ஓரெழுத்து கூட்டி எழுதும் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள். நம்மிடம் 'துவாய்' இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டும் குழந்தைக்கும் தெரிந்த சொல். சென்னையில் துண்டு என்றே பழகியவர்களில் பலருக்கு ஆறாவது ஊகத்திலும் அது பிடிபடாது. நான் அதைப் பட்டியலில் வைக்கவே சொல்வேன். ஆட்டம் முடிந்ததும் அதன் பொருளும் அது வழங்கும் ஊரும் கட்டத்தின் கீழே ஒரு வரியில் வரட்டும். மறுநாள், சீக்கிரமாக என்று பொருள்படும் 'வெள்ளன' என்ற சொல் வந்து, யாழ்ப்பாணத்துக்காரரும் மதுரைக்காரரும் அதற்குச் சொந்தம் கொண்டாடட்டும்.