தூக்குகிற கை
(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் காரியதரிசி என்னிடம் வந்து, "தம்பி, சர்வகலாசாலையிலே படிக்கிறாய், கால் மணி நேரம் ஏதாவது பேசு" என்று கேட்டபோது, விஞ்ஞானத்தின் விந்தைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லித் தப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்து, நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே பேசுவதென்று தீர்மானித்தேன். நான் வைத்திய மாணவன் அல்லன். இன்று சொல்லப்போவது நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், பின்பு புத்தகங்களிற் பார்த்து உறுதி செய்துகொண்டதும்தான்.

என் பாட்டனாரை உங்களிற் பலர் அறிவீர்கள். உடப்புக் கரையிலே நாற்பது வருஷம் கரைவலை இழுத்தவர். அவர் அம்பா எடுத்துக் கொடுத்தால் கயிற்றில் நிற்கிற அத்தனை பேரின் காலும் ஒன்றாக மணலில் ஊன்றும். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவர் பாயிலிருந்து எழ முயன்றார். வலக்கையும் வலக்காலும் கூட வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாரிசவாதம்! நாங்கள் என்ன செய்தோம்? எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். வெயில் ஏறட்டும், பார்க்கலாம் என்று இருந்தோம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க ஒரு மருந்து உண்டென்பதும், தலையைப் படம்பிடித்துப் பார்த்து 4½ மணி நேரத்துக்குள் அதை ஏற்ற வேண்டுமென்பதும் அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்த பிழை அதுவன்று. அவர் வீடு திரும்பிய பிறகு நடந்தது.

விடுமுறையாதலால் அவரை எழுப்புவதும் உட்காரவைப்பதும் என் பொறுப்பாயிற்று. சோர்ந்து கிடந்த வலக்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவேன். பேரன் எப்படித் தாங்குகிறான் என்று அயலார் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமைதான். மாதம் ஒன்று கழிவதற்குள் அந்தத் தோளைத் தொட்டாலே அவர் அலறத் தொடங்கினார். மறுபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே இயன்மருத்துவம் செய்கிற அம்மையார் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவரைத் தூக்குவது யார்?" என்று கேட்டார். "நான்தான் மிஸ்" என்றேன். "கையைப் பிடித்தா?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தோள்மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்த பந்து போன்றது. அதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள். பாரிசவாதத்தில் அந்தத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கையின் பாரமே பந்தைக் கீழே இழுக்கிறது. அதன்மேல் நாமும் இழுத்தால் என்ன ஆகும்? நோய் எடுத்தது கையின் பலத்தை. தோளில் வலியை வைத்தவன் நான்.

அன்று அந்த அம்மையார் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். சாறத்துக்கு மேல் அகலமான இடுப்புப்பட்டி ஒன்று கட்டி அதைப் பிடித்தே எழுப்ப வேண்டும். அவருடைய பாதம் தரையில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். சோர்ந்த முழங்காலை என் முழங்காலால் அணைகொடுக்க வேண்டும். அவர் முன்னே சாயும்போதுதான் எழுப்ப வேண்டும். உட்கார்ந்திருக்கையில் அந்தக் கை தொங்கவே கூடாது. தலையணையின்மேல் இருக்க வேண்டும். பிறகு அப்பியாசங்கள். மூளையில் செத்த பகுதி உயிர்பெறுவதில்லை. ஆனால் எஞ்சிய பகுதி அந்த வேலையைப் படித்துக்கொள்ள வல்லது. குழந்தை எழுத்துப் படிப்பது போல, ஒரே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்துதான் படிக்கும். வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறிப்போய் வைத்தியசாலையில் செய்கிற அரை மணி நேரம் அதற்குப் போதுமா? மிகுதி அப்பியாசம் எல்லாம் நம் திண்ணையில்தான் நடக்க வேண்டும்.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். திமிர்வாதக்காரன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்துபோன கதையை அங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். அவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள் என்பது அந்தக் கதையிலேயே உண்டு. சிறுவனாயிருந்தபோது அந்த நால்வரை நான் கவனிக்கவேயில்லை. இப்போது அவர்கள்மேல்தான் என் நினைவு போகிறது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஒரு வகுப்பார் உண்டு. இயன்மருத்துவரின் உதவியாளர் என்று பெயர். 1967 இல் அந்தப் படிப்பு தொடங்கிற்று. 1969 இல் முதல் மாணவர்கள் தேறி வெளிவந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷப் படிப்பு. நோய் இன்னதென்று தீர்மானிப்பது அவர்கள் வேலையன்று. இயன்மருத்துவர் வகுத்துக்கொடுத்ததைப் பிசகாமல் செய்விப்பதே வேலை. நம் வீடுகளிலும் அந்த உதவியாளர் இருக்கிறார். தாய், மனைவி, பேரன் என்று பெயர் மாறுகிறது. படிப்பு ஒன்றுதான் இல்லை.

பாரிசவாதம் ஒன்றுக்கு மட்டுந்தான் இது என்று எண்ணாதீர்கள். கயிறு இழுத்து இழுத்து இடுப்பு பிடித்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறீர்கள். பாயிலே அசையாமற் கிடந்தால் தீரும் என்பது பழைய எண்ணம். சாதாரணமான இடுப்புவலிக்காரர் கூடியவரை நடமாடுவதே நல்லதென்று இக்காலத்து வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். நீரிழிவுக்காரருக்குத் தோள் இறுகிப் போவது அதிகம். சட்டை போட முடியவில்லை என்று சொல்லும்போதே கவனிக்க வேண்டும். நமது கரையோரத்துக்குப் பழைய பகையாகிய யானைக்காலும் உண்டு. அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இல்லையென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நல்ல செய்திதான், ஆயினும் முன்னமே வீங்கிய கால்கள் அறிவிப்பைக் கேட்டு வற்றிவிடுவதில்லை. தினந்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துவந்தால் காய்ச்சலும் புண்ணும் பெரிதும் குறையும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டிலே கூச்சப்படாத ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது தென்னைமரம். புத்தளமும் குருநாகலும் கம்பஹாவும் சேர்ந்த தென்னை முக்கோணத்தில் வாழ்கிறோம். மரத்திலிருந்து விழுந்தவரைக் காணாத ஊர் இல்லை. விழுந்தவரை நாம் எப்படித் தூக்குகிறோம்? ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்து, நடுவே மடித்து முச்சக்கர வண்டிக்குள் திணிக்கிறோம். முதுகெலும்பு முறிந்திருந்தால், உள்ளேயுள்ள நரம்புவடம் விழுந்தபோது அறாமல் அந்த வண்டியில் ஏற்றும்போது அறலாம். தலையும் கழுத்தும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க, நாலைந்து பேர் ஒன்றாகப் புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வரும்வரை அசைக்காமல் காத்திருப்பதே பெரிய உதவி. பின்பு, கால் உணர்ச்சியற்றவரைப் படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்திலே லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் 1944 இல் இத்தகையோருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை இவர்கள் அதிக நாள் இருக்கமாட்டார்கள் என்று கைவிடுவதே வழக்கமாயிருந்தது. அவரோ நோயாளரை ஓயாது திருப்பிக் கிடத்தச் செய்தார்; அப்பியாசம் செய்வித்தார்; 1948 இல் 16 பேரைச் சக்கர நாற்காலியில் இருத்தி வில்லெய்யவும் விட்டார். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுக்கு அதுவே வித்து. கையிலே வில் வருமுன் முதுகிலே புண் வராமற் காத்தவர்கள் யார்? இராத்திரி விழித்திருந்து திருப்பிவிட்டவர்கள்தாம்.

கற்பிட்டிப் பக்கத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் காற்றுக்குடுவையோடு முழுகுகிற சகோதரர்கள், ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால் இரத்தத்தில் வாயுக் குமிழி உண்டாகிக் காலிரண்டும் விழுந்துவிடலாம். அதைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் வைக்க வேண்டும், இன்று நேரமில்லை.

என் பாட்டனார் இன்று கோலூன்றிக் கடற்கரை வரை போய்வருகிறார். எண்ணிக்கை சொல்லி அப்பியாசம் செய்வித்தபோது அவருக்குச் சலித்தது. ஒருநாள் தாமே அம்பாவை முணுமுணுக்கத் தொடங்கினார். வாய் இன்னும் கோணல்தான், தாளம் கோணவில்லை. அன்று முதல் அந்தத் தாளத்துக்கே கால் நீட்டி மடக்கினோம். வலத்தோள் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை.

காரியதரிசியிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் நம் சங்க மண்டபத்தில் ஒரு வாங்கும், ஒரு பாயும், ஓர் இடுப்புப்பட்டியும், ஒரு நீளப் பலகையும் வைத்துப் பழகுவோம். முறையாகக் காட்டித்தர இயன்மருத்துவர் ஒருவரை அழைப்போம். நோயாளியாக இருக்க என் பாட்டனார் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: வலப்பக்கத்தில் பேரன் நிற்கக் கூடாதாம்.