நாகாபந்தியில் நிற்கும் வண்டி



மும்பை மாட்டுங்காவில் சட்டத்தைத் தமிழில் பேச ஓர் அரங்கம் கூடுவதே அபூர்வம். தலைப்பு ‘வாகனச் சோதனையும் ஆயுத உரிமமும்’ என்று சொல்லி அழைத்தபோது, “இந்த ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற தமிழர் எத்தனை பேர் தேறுவார்கள்?” என்று அமைப்பாளர்களைக் கேட்டேன். சிரித்தார்கள். நகைக்கடைக்காரர் சிலர், கட்டட முதலாளிகள் சிலர், சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வங்கிக் காவலுக்கு வந்த ஓய்வுபெற்ற ராணுவத்தார் சிலர், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியைத் தேடிப் போலீஸ் நிறுத்தும் வண்டிகளில் பெரும்பாலானவை துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராதவர்களுடையவை. என் பேச்சு இரண்டு கூட்டத்தாரையும் பற்றியது.

முதலில் போலீஸ் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மும்பைத் தாக்குதல் நடந்த 2008 நவம்பர் 26 இரவு, கிர்காவ் சௌபாத்தியில் போட்ட நாகாபந்தி என்ற சாலைத் தடுப்பில்தான் பயங்கரவாதிகள் வந்த ஸ்கோடா கார் சிக்கியது. உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளேவின் கையில் இருந்தது லத்தி. ஏ.கே. 47-இன் குழலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். அவர்களில் ஒருவனான கசாப் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளேவுக்கு அசோக சக்கரம் கிடைத்தது. அதை நினைத்தால், வண்டியை நிறுத்தும் அதிகாரமே கூடாது என்று இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது.

நிறுத்திய பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 22, 23 பிரிவுகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டில் ஆயுதம் தேட வேண்டுமானால் மாஜிஸ்திரேட் தம் நம்பிக்கைக்கான காரணத்தை முதலில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த பிரிவு வண்டிக்கு. அங்கே எந்தப் போலீஸ் அதிகாரியும், சட்டமீறல் நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவே வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். ஆயுதம் கிடைத்தால் வண்டியையும் சேர்த்தே பறிமுதல் செய்யலாம். காரணம் எழுதும் பேச்சே இல்லை. துப்பாக்கி உரிமை அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கும் அமெரிக்காவிலும், 1925இல் கள்ளச்சாராயக் கார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், வண்டி ஓடிவிடும் என்பதால் வாரண்டு வேண்டாம், ஆனால் தக்க காரணம் இருந்தாக வேண்டும் என்றது.

நம் சாசனத்தில் ஆயுத உரிமையும் காரணமில்லாத சோதனைக்கு எதிரான பாதுகாப்பும் ஏன் இல்லை என்பது சுவையான கதை. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கேட்டது. இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் அத்தனை கோபம். 1948 டிசம்பர் முதல் வாரத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைத் திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், தோற்றது. அதே வாரத்தில் காஜி சையது கரிமுத்தீன், காரணமில்லாத சோதனையிலிருந்து உடலுக்கும் வீட்டுக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு கேட்டார். இதை ஏற்கத் தயார் என்றார் அம்பேத்கர். அவர் தயாராக இருந்தும் சபை தயாராக இல்லை; பிறகு நடந்த வாக்கெடுப்பில் அதுவும் போயிற்று. முதல் தோல்வியில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவதன் விலையைத்தான் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த விலையைப் பார்க்கத் தாராவிக்கு வருவோம். பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்தில் டெம்போ ஓட்டுகிறவன் வண்டியிலேயே தூங்குவான். மாற்றுச் சட்டை, சாப்பாட்டுத் தூக்கு, ரேஷன் கார்டு நகல் எல்லாம் சீட்டுக்கு அடியில். அவனுக்கு வீடு எது, வண்டி எது? தோல் பட்டறைக்குப் போகிறவன் பையில் வெட்டுக்கத்தி இருக்கும். ஆயுத விதிகளோ, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளை விலக்கியிருக்கின்றன. ஆனால் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டம் 37ஆம் பிரிவின் கீழ் அவ்வப்போது வரும் தடையாணையில் கத்தி, தடி எல்லாமே அடங்கும். நடு ரோட்டில், நள்ளிரவில், எது தொழில் கத்தி என்று யார் யாருக்கு விளக்குவது?

பயணி விட்டுப்போன பையில் தோட்டா இருந்தால் ஆட்டோக்காரர் கதி என்ன? உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது என்று 1972இலேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தத் தெளிவு தீர்ப்பில் இருக்கிறது. ஆட்டோவோ போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

உரிமம் உள்ளவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 19ஆம் பிரிவின்படி போலீஸ் கேட்டால் உரிமத்தைக் காட்டியாக வேண்டும்; அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் வாங்கிய உரிமம் செம்பூரில் செல்லுமா என்பதை ரயில் ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் எல்லை அதிலேயே எழுதியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை.

இந்தக் கருத்தரங்கின் முன் நான் வைக்கும் வாதம் ஒன்றே. ஆயுதச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, அதன் கீழ் நடக்கும் சோதனைகளைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு பிணைக்கிறது. அந்தச் சட்டம் ‘இடம்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது வீடு, கட்டடம், கூடாரம், வண்டி, கலம் ஐந்தையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அந்தச் சட்டத்தின் இன்றைய வடிவமாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் படம்பிடிக்கச் சொல்கிறது. சாட்சிகள் கையெழுத்திடும் பட்டியல் வரை அந்தப் பதிவில் வர வேண்டும். அப்படியானால் நாகாபந்தியில் டிக்கியைத் திறந்து ஒரு பொருளை எடுக்கும் கணமும் அதற்குள் வர வேண்டும் என்பது என் கருத்து. வராது என்று வாதிடப்போகும் நண்பர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கட்டுரையைக் காது கொடுத்துக் கேட்கவே வந்திருக்கிறேன்.

அரங்கின் பின்வரிசையில் டாக்ஸி, டெம்போ ஓட்டும் தம்பிமார் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை வழிமறித்துப் பஞ்ச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். போங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் பஞ்சநாமா என்ற சோதனைக் குறிப்பு மராத்தியில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.