பேர் சொல்லாத குரல்

நீங்க தினமும் கேட்கிற, ஆனா பேர் தெரியாத ஒருத்தரைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். டிவி ப்ரோமோவுல "இன்று இரவு 9 மணிக்கு"ன்னு கம்பீரமா சொல்றவர். எஃப்.எம்.ல ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஸ்டேஷன் பேரையும் அலைவரிசையையும் சொல்லிட்டு மறைஞ்சு போற குரல்.

இலங்கை வானொலி காலத்துல கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத்னு அறிவிப்பாளர்களைப் பேர் சொல்லியே ஜனங்க கொண்டாடினாங்க. ப்ரோமோ குரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அது தன் பேரைச் சொல்லாது, சேனல் பேரைத்தான் சொல்லும்.

வேலை எப்படி நடக்கும்? ஒரே ப்ரோமோவுக்கு "இன்று", "நாளை", "வரும் ஞாயிறு"ன்னு கடைசி வரியை மட்டும் தனித்தனியா பேசி வாங்கிப்பாங்க. ஒளிபரப்பு நாளுக்கு ஏத்த மாதிரி எடிட்டர் ஒட்டிக்குவார். எங்க கோடிங் பாஷையில சொன்னா, டெம்ப்ளேட் ஒண்ணுதான், வேரியபிள் மட்டும் மாறும். இசை, எஃபெக்ட் எதுவும் சேர்க்காம வெறும் குரலா அனுப்பணும். மிக்ஸிங் எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க.

சிக்கலும் இங்கதான். அந்தச் சுத்தமான ஃபைல்தான் ஏ.ஐ. குரல் நகலுக்கு அருமையான தீனி. நான் அத்திப்பட்டுல வீட்லேயே ரெக்கார்ட் பண்றேன். என் குரலை நகலெடுத்தா காமராஜர் துறைமுகம் போற கன்டெய்னர் லாரி ஹாரனும் சேர்ந்து வரும். ப்ரோமோ கலைஞருக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்ல!

2024ல 'லால் சலாம்' படத்துப் பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலமா திரும்பக் கொண்டுவந்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தார்கிட்ட அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததா அவரே சொன்னார். அதே வருஷம் பாடகர் அர்ஜித் சிங் போட்ட வழக்குல, அனுமதி இல்லாம ஒரு பிரபலத்தோட குரலை ஏ.ஐ.ல உருவாக்குறது அவரோட உரிமையை மீறுறதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கவனிங்க, இவங்க எல்லாரும் பேர் உள்ளவங்க. ஊருக்கே தெரிஞ்ச குரல், ஆனா பேர் தெரியாதுன்னா, "இது என்னோடது"ன்னு நிரூபிக்கிறதே பெரிய போராட்டம். அதனால முதல் பாதுகாப்பு ஒப்பந்தம்தான். எந்தெந்த மீடியத்துல போடுவாங்க, எத்தனை மாசத்துக்கு, ஏ.ஐ. பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த மூணையும் எழுத்துல வாங்கிடுங்க. குரலை வாடகைக்கு விடுங்க, கிரயம் பண்ணிக் கொடுத்துடாதீங்க.

வாய்ஸ் ஓவர் பண்ற நண்பர் யாராவது இருந்தா, அடுத்த கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!