பெஞ்சு பாரமல்ல, பாடம்!



'கல்லூரி அணியில் பெஞ்சில் காத்திருப்பது பாரமா? பாடமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசின எதிரணி அண்ணன், "ஆடவே விடாத பொண்ணுக்கு எதுக்குங்க ஷூ?"ன்னு ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் நல்லா கைதட்டினீங்க. ஐயா, அந்தக் கேள்வியை எங்க பாட்டி ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க! (சிரிப்பு)

நான் கல்லூரி பேஸ்கட்பால் டீம்ல இருக்கேன். டீமுக்கு 12 பேர். களத்தில் 5 பேர். மீதி 7 பேர் பெஞ்சில். அந்த ஏழு பேரில் நான் ஒருத்தி. மேட்ச் முடிஞ்சு, குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனா, அப்பா கேட்பார். "ஏம்மா, இன்னிக்காவது எறக்கினாங்களா?" "இல்லப்பா." "பரவாயில்ல, சாப்பிடு." அந்தப் 'பரவாயில்ல' இருக்கு பாருங்க, சோறு தொண்டையில இறங்காது ஐயா. அதனால, பெஞ்சில் உட்கார்ந்தா வலிக்காதுன்னு நான் சொல்ல வரல. வலிக்கும். ஆனா வலிக்கிறதெல்லாம் பாரமா? அதுதான் என் கேள்வி.

இந்த ஆட்டம் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற ஆசிரியர். வெளியே கடுங்குளிர். உள்ளே பொழுது போகாத 18 மாணவர்கள். இரண்டு பழக்கூடைகளை எடுத்து மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார். இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர். ஆட்டம் ஆரம்பம்! கவனிச்சீங்களா ஐயா? 18 பேரும் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் பெஞ்சே கிடையாது! அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் நம்ம சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சது. இன்னிக்கும் நந்தனத்தில் இருக்கு.

அப்புறம் ஆட்டம் வளர்ந்தது. களத்துக்கு ஐந்து பேர் என்று ஆனது. "பாத்தீங்களா, பெஞ்சுங்கிறதே பின்னால வந்த வினை!"ன்னு எதிரணி சொல்லலாம். ஏன் வந்தது? 40 நிமிஷம் ஓடணும். ஒருத்தருக்கு அஞ்சு ஃபவுல் ஆனா, அவங்க வெளியே. ஒருத்தருக்கு மூச்சு வாங்கும், ஒருத்தருக்குக் கால் பிசகும். எத்தனை தடவை வேணும்னாலும் ஆளை மாத்தலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஐந்து பேரை மட்டும் நம்பி இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

சரி, மேட்ச்சை விடுங்க. பிராக்டீஸுக்கு வாங்க. அஞ்சு பேர் ஆடணும்னா எதிரே அஞ்சு பேர் நிக்கணுமா, வேண்டாமா? தினமும் சாயங்காலம் அந்த நட்சத்திர ஐந்து பேரை மறிக்கிறது யார்? நாங்க! அடுத்த மேட்ச்ல வரப்போற எதிரி டீம் மாதிரியே ஆடிக் காட்டறது யார்? நாங்க! அனிதா பால்துரையை எல்லோருக்கும் தெரியும். நம்ம சென்னைப் பெண். இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனால் பயிற்சியில் அவருக்கு எதிரே நின்று, கையை விரித்து, இடி வாங்கி, மறித்த பெண்களின் பெயர் நமக்குத் தெரியுமா? மறிக்க ஆள் இல்லாமல் எந்த வீராங்கனை உருவாக முடியும்? (கைதட்டல்)

எதிரணி அம்மா ஒருத்தர் கர்ணனைக் கூப்பிட்டார். "பத்து நாள் கர்ணனை வெளியே உட்கார வைத்ததால்தான் கௌரவர்கள் கெட்டார்கள்" என்றார். அம்மா, கர்ணனை யாரும் உட்கார வைக்கல! பீஷ்மர் 'நீ பாதி வீரன்தான்' என்று சொன்ன கோபத்தில், "இவர் இருக்கிறவரைக்கும் நான் ஆயுதம் எடுக்கமாட்டேன்"னு அவனாகவே பாசறையில் போய் உட்கார்ந்தான். கோச்சோட சண்டை போட்டுட்டு வீட்டுக்குப் போன பிளேயர் அவன்! (சிரிப்பு) துரோணர் தளபதியானதும் 11-ஆம் நாள்தான் வந்தான். பெஞ்சு அவனைக் கெடுக்கவில்லை. கோபம் கெடுத்தது.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்? ஜெரமி லின் என்று ஓர் ஆட்டக்காரர். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். 2011 டிசம்பரில், ஒரே மாதத்தில் இரண்டு அணிகள் அவரைக் கழற்றிவிட்டன. மூன்றாவதாக நியூயார்க் அணி எடுத்து, பெஞ்சில் உட்கார வைத்தது. 2012 பிப்ரவரி 4. வேறு வழியில்லாமல் அவரை இறக்கினார்கள். அன்று மட்டும் 25 புள்ளிகள்! அந்த ஆட்டத்தில் தொடங்கி அவர் அணிக்கு வரிசையாக ஏழு வெற்றி!

ஆனால் ஐயா, இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்க மாட்டேன். பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னம் சிங். 2015-ல் அமெரிக்காவின் டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம் பிடித்த முதல் இந்தியர். நாடே கொண்டாடியது. ஆனால் அந்த என்.பி.ஏ. லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை. ஆகவே, காத்திருந்தால் கட்டாயம் வாய்ப்பு வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். வந்தால் நாம் தயாராக இருக்கிறோமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பெஞ்சு சொல்லித் தரும் பாடம் அதுதான்.

பேஸ்கட்பாலில் ஓர் அழகான விதி இருக்கு ஐயா. ஆளை மாற்றச் சொல்லி மேஜையில் கேட்கும் உரிமை கோச்சுக்குக் கிடையாது. உள்ளே போகப்போகும் பெஞ்சுக்காரிதான் எழுந்து போய், "நான் இறங்கறேன்"னு கேட்கணும். கேட்கும்போதே ஆடத் தயாரா இருக்கணும். அதுக்காகத்தான், எதிரணியில் யாருக்கு இடது கை வராது, யாருக்கு நாலு ஃபவுல் ஆயிடுச்சு, யார் களைச்சுப் போயிட்டான்னு உட்கார்ந்தபடியே கணக்கு வெச்சிக்கிட்டிருக்கோம். உடம்பு இறுகிப் போகாம ஓரமா நின்னு கை காலை நீட்டி மடக்கிக்கிட்டிருக்கோம்.

எங்க ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்கிறேன். திருக்கச்சி நம்பி. பூந்தமல்லியில் அவதரித்தவர் என்று வைணவ மரபு சொல்கிறது. அவர் என்ன பதவி வகித்தார்? காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்குப் பக்கத்தில் நின்று விசிறி வீசினார். அவ்வளவுதான். ஆனால் ராமாநுஜருக்கே சந்தேகம் வந்தபோது, பெருமாளின் பதிலைக் கேட்டு வந்து சொன்னவர் அந்த விசிறிக்காரர்தான். ஓரமாக நிற்பவன் சும்மா நிற்கிறான் என்று யார் சொன்னது? (பலத்த கைதட்டல்)

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பயிற்சியாளர்களே, வருஷம் முழுக்க ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார வைத்தால், பாடம் பாரமாகிவிடும். எங்களிடம் என்ன குறை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பெரிய போட்டி வேண்டாம், பக்கத்துக் கல்லூரியோடு ஆடும் நட்பு ஆட்டத்திலாவது பத்து நிமிஷம் இறக்குங்கள். பெற்றோர்களே, "எறக்கினாங்களா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "இன்னிக்கு என்னம்மா பார்த்தே?"ன்னு ஒருநாள் கேட்டுப் பாருங்க. ஒரு மணி நேரம் சொல்வோம்!

எதிரணி அண்ணன் ஷூவைப் பத்திக் கேட்டார் இல்லையா? மேஜையில் போய் "நான் இறங்கறேன்"னு கேட்கும்போது காலில் ஷூ இருக்கணும் அண்ணே, அதுக்குத்தான்! ஆகவே, நடுவர் ஐயா அவர்களே, பெஞ்சு பாரமல்ல, பாடமே என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.